இழை: 'பெடிக்ரீ கொலாப்ஸ்' – தமிழில்?

அன்பர்களே,
குடும்ப வரலாறு தேடத் தொடங்குவோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இடிக்கிறது. முன்னோர் அட்டவணையில் நாம் 1, அப்பா 2, அம்மா 3. எவர் எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தை, அதோடு ஒன்று கூட்டினால் தாய். அம்மா தன் தாய்மாமனையே கட்டியிருந்தால், 4, 5-இல் இருக்கும் அப்பாவழித் தாத்தா பாட்டியே, அம்மாவின் அம்மாவுக்கு (7) பெற்றோராக 14, 15-லும் வந்து நிற்பார்கள். இப்படி ஒரே முன்னோர் இரண்டு இடத்தில் வருவதைத்தான் ஆங்கிலத்தில் 'பெடிக்ரீ கொலாப்ஸ்' என்கிறார்கள். இதற்கு 'மரபுச் சரிவு' சரியா?
– இரா.

> மரபுச் சரிவு

வேண்டாம் ஐயா. 'மரபு' என்றாலே பிள்ளைகள் மரபணுவுக்கு ஓடுகிறார்கள். 'சரிவு' என்றால் சொத்தழிந்த குடும்பம் மாதிரி. எங்கள் அம்மாச்சி காதில் விழுந்தால் விளக்குமாறு பறக்கும். அத்தை மகளைக் கட்டியவரின் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டி எட்டுப் பேருக்குப் பதில் ஆறு பேர். அவ்வளவுதானே? 'முன்னோர் குறைவு' போதும்.
– செ.

'குறைவு' தலையை எண்ணுகிறது. ஒரே ஆள் வேறு முறையில் திரும்பி வருவதைச் சொல்லவில்லை. அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தில் மடக்கு என்ற அணி இருக்கிறதே! அதே எழுத்துகள் மறுபடி வரும், பொருள் வேறு. இங்கே அதே கிழவர் மறுபடி வருகிறார், முறை வேறு. ஆகவே 'முன்னோர் மடக்கு'. 'கிளை' என்பதற்கே சுற்றம் என்று பொருள் உண்டு. மரத்திலிருந்து உறவுக்கு வந்ததா, உறவிலிருந்து மரத்துக்குப் போனதா? கேள், கேளிர், கிளைஞர் மூன்றையும் வைத்து நாளை விரிவாக எழுதுகிறேன்.
– ந.

நாளை வேண்டாம் ஐயா, கும்பிடுகிறேன். மடக்கு என்றால் என் வகுப்பில் நாற்காலிதான் விரியும்.

சொல் கிடக்கட்டும். பழைய பத்திரங்களைத் தேடச் சொல்லியிருக்கிறீர்களா? 'இன்னார் குமாரர் இன்னார்' என்று இரண்டு தலைமுறை ஒரே வரியில் கிடைக்கும். ஆனால் தமிழ்நாட்டில் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குரிமை தந்த திருத்தம் 1989-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் பங்காளிகள் வரிசையாக நிற்பார்கள். பெண்களைப் பெரும்பாலும் காணோம். 4-உம் 14-உம் ஒரே ஆள் என்பது பெண்வழியில் அல்லவா தெரியும்? வீட்டில் மூத்த பெண்களிடம் "உன் சடங்குக்குத் தாய்மாமன் சீர் யார் கொண்டு வந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள்.
– க.

சீர்க் கேள்வியைச் சேர்த்துவிட்டேன் அம்மா. பெரும்பாலோர் 'முன்னோர் குறைவு' என்பதால் அதையே போடுகிறேன்.
– இரா.

'குறைவு' நாளைக்கே 'குறை' ஆகும். என் மறுப்பு இருக்கட்டும். கிளைஞர் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.
– ந.