கொலைகாரன் தப்பிக்க வேண்டுமென்று நாம் ஏன் வேண்டிக்கொள்கிறோம்? பட்ரீசியா ஹைஸ்மித் குறித்து ஒரு கேள்வி

கேட்டவர்: பாளை வாசகி

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறிய வாசகர் வட்டத்தில், குற்றக்கதை எழுத்தாளர் பட்ரீசியா ஹைஸ்மித்தைப் பற்றிப் பேசும் பொறுப்பு இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. 1921-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் பிறந்தவர், 1963-இல் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்து, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று வீடு மாற்றிக்கொண்டே இருந்து, 1995-இல் லொகார்னோவில் இறந்தார் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். நான் பாக்கெட் நாவல் படித்து வளர்ந்தவள். கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் கையில் விலங்கு விழுந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். 'த டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி'யை முடித்தபோது, அவன் தப்பித்துவிட்டான் என்பதைவிட, அவன் தப்பிக்க வேண்டுமென்று பாதிப் புத்தகத்துக்கு மேல் நானே வேண்டிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உறுத்தியது. இதை அவர் எப்படிச் சாதிக்கிறார்? முப்பது ஆண்டுகளுக்கு மேல் அயல்நாட்டில் வாழ்ந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? எங்கள் வட்டத்தில் எதை முதலில் படிக்கச் சொல்லலாம்?

பதில்: ஜங்ஷன்காரன்

வணக்கம் தங்கச்சி. கொலைகாரனுடைய அன்றாட வேலைகளை நம் தலையில் ஏற்றிவிடுவதுதான் ஹைஸ்மித்தின் வித்தை என்று நான் நினைக்கிறேன். இத்தாலியின் சான் ரெமோவில் படகில் வைத்துப் பணக்கார நண்பன் டிக்கியைத் துடுப்பால் அடித்துக் கொன்ற பிறகு ரிப்ளிக்கு வந்து சேரும் வேலைகளைப் பாருங்கள்: டிக்கியின் கையெழுத்தைப் போட்டுப் பழக வேண்டும், மாதாமாதம் டிக்கிக்கு வரும் பணத்தை வாங்க வேண்டும், அவனுடைய பெற்றோருக்கும் தோழிக்கும் அவன் நடையிலேயே கடிதம் எழுத வேண்டும், ஆளுக்குத் தகுந்தபடி ஓரிடத்தில் ரிப்ளியாகவும் மற்றோரிடத்தில் டிக்கியாகவும் நடமாட வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவன் கால் இடறினால் இலையின் முன் உட்கார்ந்திருக்கும் நாம் பதறுவோம் அல்லவா, அந்தப் பதற்றம் இங்கே வந்துவிடுகிறது. வாளி யாருடையது என்று அப்போது யார் கேட்கிறார்கள்? போலீஸ் வந்து கதவைத் தட்டும்போது நாமும் கதவுக்கு உட்புறம் அவனோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

அவருடைய முதல் நாவலான 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்' 1950-இல் வெளிவந்தது. நான் அதை நெல்லை எக்ஸ்பிரஸில் படித்தேன். ரயிலில் சந்தித்த இருவரில் ஒருவன், 'உன் மனைவியை நான் கொல்கிறேன், என் தகப்பனை நீ கொன்றுவிடு, யாருக்கும் காரணம் பிடிபடாது' என்கிற ரீதியில் பேசும் இடத்துக்கு நான் வந்திருந்தபோது, எதிர் பெர்த் பெரியவர் 'எந்த ஊர், யார் மகன்' என்று தொடங்கி, கோவில்பட்டி வருவதற்குள் தம் மருமகன்மீதுள்ள மனக்குறை முழுவதையும் என்னிடம் இறக்கிவைத்துவிட்டார். அன்று இரவு நான் புத்தகத்தை மறுபடி திறக்கவில்லை. அடுத்த ஆண்டே ஹிட்ச்காக் அதைப் படமாக்கினார். படத்தின் நாயகன் கடைசிவரை கையில் கறைபடாத டென்னிஸ் ஆட்டக்காரன். நாவலில் அவன் கட்டடக் கலைஞன், தன் பங்குக் கொலையைச் செய்தும் விடுகிறான். ரிப்ளியை வைத்து 1960-இல் எடுத்த பிரெஞ்சுப் படமும் அவன் சிக்கிக்கொள்ளும் இடத்தில்தான் முடிகிறது. உங்களைப் போலவே சினிமாக்காரர்களுக்கும் விலங்கு தேவைப்பட்டிருக்கிறது.

அயல்நாட்டு வாழ்க்கையைக் காரணமாகச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் குடிபெயர்ந்தது 1963. ரிப்ளி வெளிவந்ததோ 1955. அதற்கும் முன்பு, 1952-இல், பயணியாகச் சென்றிருந்த இத்தாலியின் பாசிடானோவில், விடுதி மாடத்தில் நின்றபடி, விடிகாலைக் கடற்கரையில் தோளில் துண்டோடு தன்னந்தனியாக நடந்துபோன ஓர் இளைஞனைப் பார்த்திருக்கிறார். ரிப்ளிக்கு வித்து அவன்தான். குடிபெயர்ந்த பிறகு அவர் எழுத்தில் நேர்ந்தது வேறு. பிரான்ஸில் வாழ்ந்த காலத்தில், 1977-இல் வெளியான 'ஈடித்ஸ் டைரி'யில், பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூரை எழுதினார். கணவன் விட்டுப் போய், மகனும் உருப்படாமல் வீட்டிலேயே கிடக்க, அந்தத் தாய் தன் நாட்குறிப்பில் மட்டும் அவனுக்கு நல்ல வேலையும் மனைவியும் பிள்ளைகளும் அமைந்துவிட்டதாக எழுதிக்கொண்டே போகிறாள். என்னைக் கேட்டால் ரிப்ளியைவிட அதிகம் நடுங்கவைப்பது இதுதான். சென்னையில் இருந்துகொண்டு திருநெல்வேலிப் பேச்சை எழுதிய புதுமைப்பித்தனைப் படித்த நமக்கு, ஊரை விட்டு வந்தபின் ஊரை எழுதுவது ஒன்றும் புதிதில்லை.

பதில்: தென்காசி அக்கா

நத்தைகளை விட்டுவிட்டீர்களே! ஹைஸ்மித் நத்தைகளை வளர்த்தார். விருந்து ஒன்றுக்குக் கைப்பையில் ஒரு கீரைக்கட்டையும் அதன்மேல் ஊரும் நத்தைகளையும் கொண்டுபோனார். 'த ஸ்நெயில் வாட்சர்' என்ற சிறுகதையில், சமைப்பதற்காக வைத்திருந்த நத்தைகள் இரண்டு இணைவதைப் பார்த்த பங்குத் தரகர் ஒருவர், அவற்றைத் தம் படிப்பறையில் வளர்க்கத் தொடங்குகிறார். அவை பெருகிச் சுவர், கூரை, நாற்காலி எல்லாவற்றையும் மூடி, கடைசியில் அவருடைய வாய்க்குள்ளும் புகுந்துவிடுகின்றன. பிசானத்துக்கு நட்ட வயலின் வரப்பில், மழைவிட்ட நேரத்தில் நத்தைகள் ஊர்வதை ஆசையாக நின்று பார்த்தவள் நான். அந்தக் கதைக்குப் பிறகு தாண்டித்தான் போகிறேன். இந்தக் கதை இடம்பெற்ற தொகுப்புக்கு முன்னுரை எழுதிய கிரஹாம் கிரீன், பயத்தைக் காட்டிலும், என்ன வரப்போகிறதோ என்று கலங்கும் மனநிலையின் கவி என்று அவரைக் குறிப்பிட்டார். உங்கள் வட்டத்துக்கு முதலில் இதைக் கொடுங்கள். ஒரே அமர்வில் படித்துவிடலாம்.

பதில்: மேலப்பாளையத்தான்

ஜங்ஷன்கார அண்ணாச்சி சொன்ன காலக்கணக்கு சரி. ஆனால் அந்த அம்மையாருடைய வாழ்க்கையை நத்தையோடு நிறுத்திவிட்டால் முகத்தின் ஒரு பக்கம் மட்டுமே தெரியும். அவர் இறந்த பிறகு வீட்டுத் துணி அலமாரியில் நாட்குறிப்புகளும் குறிப்பேடுகளுமாக ஏறத்தாழ 8,000 பக்கங்கள் கிடைத்தன. அவை இன்று பெர்ன் நகரிலுள்ள சுவிஸ் இலக்கிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யூதர்கள்மீதும் கறுப்பினத்தவர்கள்மீதும் அவருக்கு இருந்த வெறுப்பு ஒளிவுமறைவற்றது; முதுமையில் அது இன்னும் முற்றியது. பேசும்போது இதை மறைக்காதீர்கள்.

உங்கள் கைவிலங்குக் கேள்விக்கு வேறொரு புத்தகமும் பதில் சொல்கிறது. இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் 'த ப்ரைஸ் ஆஃப் சால்ட்' நாவலை 1952-இல் கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் வெளியிட்டார். 1990-இல்தான் 'கரோல்' என்ற தலைப்போடு தம் பெயரில் வெளியிட்டார். அக்காலத்தில் இத்தகைய கதைகள் சாவிலோ கல்யாணத்திலோ தண்டனையாக முடிந்தாக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. இவரோ அந்தப் பெண்கள் இருவரையும் சேர்த்துவைத்து முடித்தார். காதலாகட்டும் கொலையாகட்டும், தண்டனை கொடுக்கும் வேலையைத் தமது என்று அவர் கருதவில்லை. பெண்களைக் காதலித்த அவரே நெடுங்காலம் வேறொரு பெயருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றவர் என்பதையும், ரிப்ளி இன்னொருவனுடைய கையெழுத்தைப் பழகும் பக்கங்களையும் நான் சேர்த்தே படிக்கிறேன்.

பாளை வாசகி:

அனைவருக்கும் நன்றி. நத்தைக் கதையைக் கூட்டத்தில் நானே வாய்விட்டுப் படிக்கப்போகிறேன். தேநீரை அதற்கு முன்பே கொடுத்துவிடுவதாக முடிவு. நாட்குறிப்புப் பக்கத்தையும் கட்டாயம் பேசுவேன் அண்ணாச்சி. எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். ரிப்ளியை அவரிடம் கொடுத்திருந்தேன். எந்தப் பக்கத்தில் பிடிபடுகிறான் என்று நேற்று தொலைபேசியில் கேட்டார். பாதிதான் வந்திருக்கிறீர்கள், மேலே படியுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.