வெங்காயம், ஜீஎஸ்பி, கடலட்டை: உலகமயமாதல் எங்கட உரிமைக்கு என்ன செய்தது?

செம்பாட்டான்:
டிசம்பர் 10 மனித உரிமை நாளுக்கு மகளுக்குப் பள்ளிக்கூடத்தில கட்டுரை குடுத்திருக்கினம். தலைப்பு "உலகமயமாதல் மனித உரிமைகளை வளர்க்கிறது". கேள்விக்குறி கூட இல்லை. அவள் கொப்பியில எழுதினதை வாசிக்க எனக்கு விசர் வந்தது.

என்ர அப்பு உரும்பிராயில வெங்காயமும் மிளகாயும் செய்தவர். 1970க்குப் பிறகு பிரதமர் சிறிமா அம்மையார் இறக்குமதியை இறுக்கின காலத்தில யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் கொழும்பில நல்ல விலை. அப்பு லான்ட்மாஸ்ரர் எண்ட சின்ன உழவு மெசின் வாங்கினது, கல்வீடு கட்டினது, பெரியக்காவுக்குக் கலியாணம் செய்து வைச்சது எல்லாம் அந்தக் காசில. 1977இல ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார். இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் வந்து குவிஞ்சது. அதுக்குப் பிறகு எங்கட வெங்காயப் பிடி கொட்டில் வளையில தூங்கின மாதிரியே முளைச்சது எனக்கு நல்ல ஞாபகம். யாவாரி வரேல்லை, கடன்காரன் வந்தான். உழைச்சுச் சாப்பிடுறது மனித உரிமை இல்லையோ? 1948 ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தில அதுவும் கிடக்கு.

மூண்டாம்வருசம்:
அண்ணை, நான் சட்டம் படிக்கிறன், அதனால கொஞ்சம் வாய் காட்டுவன், கோவிக்காதேங்கோ. வெங்காயத்துக்கு விலை வந்த அதே காலத்திலதானே பல்கலைக்கழகத்துக்குப் போகத் தமிழ்ப் பிள்ளையளிட்டக் கூடப் புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்தது? சிறுபான்மையினருக்குக் காப்பெண்டு முந்தின சோல்பரி அரசியல் யாப்பில இருந்த 29ஆம் பிரிவு இல்லாமல் போனதும் 1972இலதான். தெற்கில சனம் பாணுக்கு விடியப்புறம் கியூவில நிண்டது. கதவு மூடியிருந்தால் உள்ளுக்கை அரசாங்கம் என்ன செய்தாலும் வெளியில கேக்க ஆளில்லை. உங்கட அப்புவுக்கு விலை கிடைச்சது, உரிமை கிடைக்கேல்லை.

செம்பாட்டான்:
வாய் நல்லாத்தான் கிடக்கு தங்கச்சி. சரி, திறந்த பிறகு என்ன கிடைச்சது? 1979இல பயங்கரவாதத் தடைச்சட்டம். 1980 ஜூலையில வேலைநிறுத்தம் செய்த 40,000 பேரளவில வீட்டுக்கு அனுப்பினவை. 1981இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது. பிறகு 1983 இனக்கலவரம். கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது 1978இல. யப்பான் ரேடியோ பெட்டி பெட்டியா வந்து இறங்கினது. நீர் சொல்லுற உரிமை அந்தப் பெட்டி ஒண்டுக்குள்ளயும் இருக்கேல்லை.

டைனமோ:
ரேடியோ எண்டு சொன்னபடியால் நானும் வாறன். 1990க்குப் பிறகு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால இஞ்ச யாழ்ப்பாணத்தில ரேடியோ பற்றறிக்குத் தடை, சவுக்காரத்துக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய் துளித்துளியா. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சு அதில ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் படிச்சனாங்கள். உடுப்புத் தோய்க்கப் பனம்பழக் களி. சைக்கிளைக் கவிட்டு வைச்சு நான் பெடலைச் சுத்த, டைனமோவில ரேடியோ பாடும். பீபீசி தமிழோசை முடியுமட்டும் கை மாத்தி மாத்திச் சுத்துவம். கை ஓய்ஞ்சால் செய்தி நடுவில செத்துப்போகும், ஐயா பேசுவார்.

செம்பாட்டான் அண்ணை, உலகத்தோட ஒட்டாமல் இருந்தால் எப்பிடி இருக்குமெண்டு எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. எங்கட மிகப் பெரிய உரிமை மீறலே எங்களை உலகத்தில இருந்து வெட்டி விட்டதுதான்.

மூண்டாம்வருசம்:
நன்றி டைனமோ அண்ணை. அதோட ஜீஎஸ்பி பிளஸ் எண்ட ஐரோப்பிய வரிச்சலுகையையும் பாருங்கோ. 27 சர்வதேச உடன்படிக்கையை மதிச்சால்தான் அந்தச் சலுகை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை உட்பட மூண்டை ஒழுங்காக் கடைப்பிடிக்கேல்லை எண்டு 2010 ஓகஸ்டில இலங்கையிட்ட இருந்து அதைப் பறிச்சவை. 2017 மேயிலதான் திருப்பிக் குடுத்தவை. வெளியில சந்தை இருந்தபடியால் ஒரு பிடி இருந்தது.

கிளிஅக்கா:
நான் இஞ்ச வழமையா வாசிச்சிட்டுப் போற ஆள். பிடி எண்டு சொல்லுறியள் பிள்ளை, பிடிச்சது ஆரின்ர கழுத்தை? சலுகை போன காலம் நான் கட்டுநாயக்காவில மெசின்ல. சட்டத்தை வைச்சிருந்த மந்திரி ஒருத்தருக்கும் ஒண்டும் குறையேல்லை. எங்கட லைனில ஓ.ரி. எண்ட மேலதிக நேர வேலை குறைஞ்சது, வீட்டுக்கு அனுப்புற காசு குறைஞ்சது. 2017இல சலுகை திரும்பி வரேக்க பயங்கரவாதத் தடைச்சட்டம் அசையாமல் அதே இடத்தில இருந்தது.

பிறகு ஊருக்குக் கிட்ட ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கு வந்தனான். பெயர் வேண்டாம். தலைக்கு மேல போர்ட்டில ரார்கெற் ஓடிக்கொண்டே இருக்கும். சலம் விடப் போறதெண்டால் சுப்பவைசரிட்ட அட்டை வாங்கவேணும். ஐம்பது பேருக்கு ரெண்டு அட்டை. தண்ணி குடிக்காமல் வேலை செய்யப் பழகினதால எனக்கு வந்த வருத்தம் இண்டைக்கும் இருக்கு.

பையர் எண்டால் எங்கட உடுப்பை வாங்குற வெளிநாட்டுக் கொம்பனி. பையரின்ர ஆக்கள் பாக்க வருகினம் எண்டால் ரெண்டு நாளைக்கு முதல் தெரியும். முதலுதவிப் பெட்டிக்குள்ள மருந்து வரும், அட்டை காணாமல் போகும், பின்பக்க நெருப்புக் கதவின்ர ஆமைப்பூட்டைக் கழட்டுவினம். ஒருக்கா வந்த வெள்ளைக்காரப் பெட்டை பூட்டுத் தொங்கின அடையாளத்தைக் கண்டு படம் எடுத்திட்டுப் போனாள். அதுக்குப் பிறகு அந்தக் கதவை அவை பூட்டவே இல்லை. உள்ளதைச் சொல்லவேணும்.

மூண்டாம்வருசம்:
அக்கா, அதைத்தான் நானும் சொல்லுறன்! அந்தப் பெட்டை வந்தது உலகமயமாதலாலதானே? 2013 ஏப்ரல் 24இல பங்களாதேசில ரானா பிளாசா இடிஞ்சு 1,134 பேர் செத்த பிறகு, பெரிய பெரிய உடுப்புக் கொம்பனிகள் தொழிற்சங்கங்களோட சட்டப்படி கட்டுப்படுத்துற ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சவை. கட்டடம் கட்டடமாப் பரிசோதிச்சவை.

கிளிஅக்கா:
பிள்ளை, செத்த பிறகு. முதல் நாள் சுவரில வெடிப்பு எல்லாருக்கும் தெரிஞ்சது. கீழ்த்தட்டில இருந்த வங்கி தன்ர ஆக்களை வீட்டுக்கு அனுப்பினது, தையல் பிள்ளைகளை மட்டும் அடுத்த நாள் உள்ளுக்கு ஏத்தினவை. சரக்குக்கு நாள் குறிச்சிருந்தது, அதான்.

எங்கட பக்கமும் ஒண்டு சொல்லுறன். 2011 மே மாசம் தனியார் ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிரா கட்டுநாயக்காவில ரோட்டுக்கு இறங்கினம். பொலிஸ் சுட்டதில ஒரு பெடியன் செத்தான். அரசாங்கம் சட்டமூலத்தைத் திருப்பி எடுத்தது. அதைப் பையரும் வாங்கித் தரேல்லை, பிரசெல்சில இருக்கிற ஐரோப்பிய ஒன்றியமும் வாங்கித் தரேல்லை.

சும்மாஒருத்தன்:
எல்லாரும் சீனா போன்ல இருந்துதானே உலகமயமாதலுக்குப் பேச்சு? 😄

செம்பாட்டான்:
ஓம் தம்பி. அந்தப் போன் பற்றறிக்குள்ள இருக்கிற கோபால்ட்டில உலகத்துக்குப் போறதில பாதிக்கு மேல கொங்கோவில இருந்து. அங்க சின்னப் பிள்ளையளும் குழிக்குள்ள இறங்குதுகள். போன் வைச்சிருக்கிறவன் வாய் திறக்கக்கூடாது எண்டால் அந்தப் பிள்ளையளுக்காக ஆர் கதைக்கிறது?

நடத்துநர்:
ஒரு பதிவை அழிச்சிருக்கிறன். ஊரைச் சொல்லி நக்கலடிக்க வேண்டாம்.

குருநகர்வலை:
தோட்டமும் தையலும் கதைச்சாச்சு, கடலை ஒருத்தரும் நினைக்கேல்லை. சண்டைக்காலத்தில எங்களைக் கடலுக்க விடேல்லை, 2009க்குப் பிறகு இறங்கினால் இந்திய இழுவைப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகுது. கடலடியை அரிச்சுக்கொண்டு போற அந்த இழுவைமடி வலை அங்க எப்பிடி வந்தது? 1950களில கேரளாவில நோர்வே உதவியோட வந்த திட்டம், பிறகு யப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இறால். இஞ்ச 2017இல இழுவைமடிக்குச் சட்டத்தால தடை போட்டும் இரவில வெளிச்சம் தெரியுது. ஆனா அந்தப் படகில இருக்கிறவனும் கூலிக்காரத் தமிழன்தான். இறால் தின்னுற நாட்டுக்காரனோட எனக்குச் சண்டை பிடிக்க வழியில்லை, அவனோட பிடிக்கிறன்.

இப்ப கடலட்டைப் பண்ணை. கடலட்டை எண்டால் கடலடியில ஊருற ஒரு உயிர். எங்கட சனம் வாயில வைக்காத சாமான், கூடுதலாச் சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும்தான் போகுது. ஆழங்குறைஞ்ச கரையில கம்பு நட்டு வலை அடைச்சால் கரையோரத்தில சிறகுவலை கட்டி மீன் பிடிக்கிறவனுக்கு இடமில்லை. ஆரைக் கேட்டு அடைச்சது? என்ர மச்சானும் ஒரு பண்ணை வைச்சிருக்கிறான், போன வருசம் வீட்டுக்கு ஓடு மாத்தினவன், அதால வீட்டில நான் இதைக் கதைக்கிறேல்லை.

டைனமோ:
அப்ப நாளைக்கு ஏற்றுமதியை நிப்பாட்டினால் சந்தோசமோ?

குருநகர்வலை:
நிப்பாட்டச் சொன்னனானோ? கம்பு நடமுதல் என்னட்டக் கேக்கச் சொன்னனான்.

செம்பாட்டான்:
அப்புவிட்டயும் ஒருத்தரும் கேக்கேல்லை, அதைத்தான் நான் முதல் பதிவில எழுத நினைச்சது. எழுத வெளிக்கிட்டு லான்ட்மாஸ்ரரில ஏறிப்போட்டன். மகள் இதெல்லாத்தையும் வாசிச்சவள். கட்டுரையில கிளி அக்காவின்ர கதவைப் போடட்டோ எண்டு கேக்கிறாள். தலைப்பை மாத்த ஏலாதாம், ரீச்சர் குடுத்ததாம்.

மூண்டாம்வருசம்:
அக்கா, அந்தக் கதவை இப்பவும் பூட்டுறேல்லையோ? தங்கச்சி எழுதுறதெண்டால் சரியா எழுதட்டும்.

கிளிஅக்கா:
நான் வெளிக்கிட்டு ஆறு வருசம். உள்ளுக்கை இருக்கிற பிள்ளை ஒண்டுக்கு இப்பத்தான் எடுத்துக் கேட்டன். பூட்டுறேல்லையாம். அதுக்கு முன்னால பெட்டி அடுக்கியிருக்காம்.