16 அடி மீன்பிடிப் படகு: அலுமினியமா, ஃபைபரா?

கரையோரன்: பாவித்த படகு ஒன்று வாங்கப் போகிறேன். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் 16 அடி, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று ரிவெட் (தகடுகளைச் சேர்க்கிற ஆணி) அடித்த அலுமினியம், மற்றது ஃபைபர் (கண்ணாடி இழையும் ரெசின் பசையும் சேர்த்துச் செய்தது). அதிகம் ஓடப்போவது இங்கே கனடாவில், ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியிலும் ரைஸ் லேக்கிலும். பனிக்காலத்தில் வீட்டு ட்ரைவ்வேயில்தான் நிற்கும். இழுக்கிறது சின்ன எஸ்யூவி. எது நல்லது? காரணத்தோடு சொல்லுங்கோ.

பாறைமீன்: அலுமினியம். ரைஸ் லேக் என்று சொன்னபிறகு வேறு கதையே இல்லை. 1854இல் கோபர்க்கிலிருந்து பீட்டர்பரோவுக்கு அந்த ஏரிக்குக் குறுக்கே ரயில் பாதை போட்டார்கள். ஐஸ் தள்ளித் தள்ளிப் பாலம் நாசமாகிவிட்டது, ஆனால் பாதைக்குக் கொட்டின கல்லும் மண்ணும் இன்றைக்கும் ஹார்வுட் பக்கம் தண்ணீருக்குக் கீழே கிடக்கிறது. அதில் உரசினால் அலுமினியம் நெளியும், நெளிந்தபடியே வீட்டுக்கு வரலாம். ஃபைபர் என்றால் ஜெல்கோட் என்கிற வெளிப்பூச்சு வெடித்து இழை வெளியே தெரியும், அதைக் கவனிக்காமல் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, மைனஸ் இருபதில் உறைந்து பெருத்து, படை படையாகப் பிரித்துவிடும். எடையும் யோசியுங்கோ. சின்ன எஸ்யூவியால் ஃபைபர் படகையும் எஞ்சினையும் ட்ரெய்லரையும் இழுத்துக்கொண்டு படகு இறக்குகிற வழுக்கல் சரிவில் (ராம்ப்) ஏறுவது லேசான வேலை இல்லை.

வடமராட்சியான்: பாறைமீன் அண்ணை, ஃபைபர் கண்ணாடிக் கோப்பை மாதிரி உடைந்துவிடும் என்று கதைக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒவ்வொரு நாளும் ஃபைபர் படகைத்தான் மணலிலும் முருகைக்கல்லிலும் இழுத்து ஏற்றுகிறார்கள். காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலையில் ஃபைபர் படகு கட்டின காலத்திலிருந்தே அதுதான் கதை. உடைந்தால் பழையதைச் சுரண்டி, காயவிட்டு, கண்ணாடி இழைப் பாய் வைத்து ரெசின் பூசிக் கரையிலேயே திருத்திவிடுவார்கள். உங்கள் மெல்லிய அலுமினியம் கிழிந்தால் அதை ஒட்டத் தெரிந்த நல்ல வெல்டரைத் தேடி அலைய வேண்டும்.

அப்புறம் சிம்கோ. 722 சதுர கிலோமீட்டர் திறந்த தண்ணீர். வடமேல் காற்று எழும்பினால் குட்டையான, கிட்டக் கிட்ட வருகிற அலை. தட்டையான அடி உள்ள இலேசான அலுமினியம் அதில் ஒவ்வொரு அலைக்கும் அடிபட்டு அடிபட்டு நாரியை முறிக்கும். பேர்ச் மீன் கூட்டத்துக்கு மேலே எஞ்சினை நிற்பாட்டினால் தூண்டில் அடியைத் தொட முதலே காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பாரமான ஃபைபர் அப்படி ஓடாது, அலையை வெட்டிக்கொண்டு போகும்.

பாறைமீன்: தம்பி, ஊரில் வெயிலில் ரெசின் உடனே இறுகும், ஈரமும் காயும். இங்கே ஏப்ரல் மாதக் குளிரில் ட்ரைவ்வேயில் பூசிப்பாருங்கோ, பிசுபிசு என்று அப்படியே நிற்கும். ஊரில் உறைபனியும் இல்லை. அந்தப் படகை இந்தக் குளிரோடு ஒப்பிடக் கூடாது.

திருத்துனர்: படகு திருத்துகிற வேலையில் இருக்கிறேன், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். அலுமினியப் படகில் மரம் இல்லை என்று நினைக்காதீர்கள். பழைய படகு பலவற்றில் எஞ்சின் பூட்டுகிற பின்பலகைக்குள் பிளைவுட்தான் இருக்கிறது, ஃபைபரைப் போலவே அதுவும் உக்கும். எஞ்சினைப் பாதி தூக்கிவிட்டு அதன் காலைப் பிடித்து அமத்துங்கோ. பின்பலகை சேர்ந்து அசைந்தால் இரண்டில் எதுவானாலும் விட்டுவிட்டு வாருங்கோ. ஃபைபர் என்றால் ஸ்க்ரூட்ரைவரின் பிளாஸ்டிக் பிடியால் சுற்றிவரத் தட்டுங்கோ. நல்ல இடம் 'டக் டக்' என்று கேட்கும், உக்கின இடம் 'தொப்' என்று அமுங்கிக் கேட்கும்.

அலுமினியத்துக்கு, ட்ரெய்லரில் வைத்தே உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கீழே படுத்துப் பாருங்கோ. ஒழுகுகிற ரிவெட்டில் துளி கட்டி நிற்கும், மார்க்கரால் வட்டம் போடுங்கோ. நாலைந்து என்றால் பரவாயில்லை, வரிசையாக ஒழுகினால் வேண்டாம். ட்ரெய்லரில் படகு கிடக்கிற பலகையையும் பாருங்கோ. யாராவது உக்காமலிருக்கச் செம்பு மருந்து ஏற்றின மரத்தை மாற்றிப் போட்டு மேலே கார்ப்பெட்டும் ஒட்டியிருந்தால், ஈரத்தோடு சேர்ந்து அது அலுமினியத்தை ஊசி ஊசியாகத் தின்றிருக்கும். நான் அதிகம் பார்க்கிற சேதம் பாறையால் இல்லை, இதனால்தான். இதிலெல்லாம் தப்பினால் உங்கள் வண்டிக்கும் ட்ரைவ்வேக்கும் அலுமினியம்தான் என் தெரிவு. எது வாங்கினாலும் ஏரியை விட்டு இழுத்துக்கொண்டு போகமுதல் அடித்தக்கையை (படகின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையின் மூடி) கழற்றித் தண்ணீரை வடியவிட வேண்டும், 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் அது சட்டம்.

வடமராட்சியான்: பின்பலகை விஷயத்தில் திருத்துனர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் இரண்டும் சோதனையில் தப்பினால் நான் ஃபைபர்தான் வாங்குவேன். கரையோரன், காசு கொடுக்கமுதல் காற்றடிக்கிற நாளாகப் பார்த்து விற்கிறவரோடு இரண்டிலும் சிம்கோவில் ஒரு ஓட்டம் ஓடுங்கோ. அமைதியான தண்ணீரில் இரண்டும் ஒன்றுதான்.