கேபிள் கேம்: இழுத்தால் கேமரா ஊஞ்சல் ஆடுகிறது, என்ன செய்யலாம்?

நிழல்வண்டி:
கையில் இருந்ததை வைத்து ஒரு கேபிள் கேம் (கட்டிய கயிற்றின் மேல் ஓடிக்கொண்டே படம் பிடிக்கும் கேமரா வண்டி) கட்டினேன். இரண்டு மரங்களுக்கு நடுவே 18 மீட்டர் நைலான் கயிறு. அதன்மேல் ஓட, ஸ்லைடிங் கதவில் இருந்து கழற்றிய இரண்டு பள்ளச் சக்கரங்கள், 12 செ.மீ. இடைவெளியில். அங்கிருந்து 40 செ.மீ. அலுமினியப் பட்டை இறங்குகிறது, அதன் நுனியில் கேமரா. மொத்தம் 1.2 கிலோ. கேமராவில் தூண்டில் நரம்பைக் கட்டி எதிர்முனையில் நின்று இழுக்கிறேன்.

இழுத்த உடனே கேமரா முன்னும் பின்னும் ஆடுகிறது. அது அடங்குவதற்குள் பாதி தூரம் போய்விடுகிறது. நடுவில் கயிறு வேறு பள்ளமாகித் திரும்ப மேடேறுகிறது. கிம்பல் (கேமராவை ஆடாமல் நிலைநிறுத்தும் மோட்டார் கருவி) வாங்க வசதியில்லை. எங்கே தப்பு?

திருப்புளி:
கயிற்றை இன்னும் முறுக்குங்கள். லாரியில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டை ஒரு முனையில் மாட்டினால் தொய்வே இல்லாமல் கம்பி மாதிரி நிற்கும்.

பழையலென்ஸ்:
ராட்செட் சரி. "தொய்வே இல்லாமல்" என்பது ஆபத்து. கேமரா நடுவில் இருக்கும்போது கயிற்றில் வரும் இழுவிசையைத் தோராயமாகக் கணக்கிடலாம்: எடையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். உங்கள் 1.2 கிலோவுக்கு 45 செ.மீ. தொய்வு விட்டால் 12 கிலோ இழுப்பு. அதையே 5 செ.மீ. ஆக்கப் பார்த்தால் 108 கிலோ! கயிறோ கொக்கியோ அறுந்தால் சாட்டை மாதிரி வந்து முகத்தில் அடிக்கும். 30, 40 செ.மீ. தொய்வை ஒத்துக்கொண்டு ஷாட்டை அதற்கேற்ப வையுங்கள்.

நைலானையும் மாற்றுங்கள். அது நன்றாக நீளும், இப்போது முறுக்கினாலும் கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும். பாலியஸ்டர் கயிறு அவ்வளவு நீளாது.

மின்மினி:
தொய்வு பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் ஆட்டத்துக்குக் காரணம் அது இல்லை. நரம்பைக் கேமராவில் கட்டியதுதான் வினை. சக்கரத்தின் உராய்வு மேலே பிடித்து நிறுத்துகிறது, நீங்கள் 40 செ.மீ. கீழே பிடித்து இழுக்கிறீர்கள். தொங்கும் வாளியின் அடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், வாளி முதலில் சாயும், அப்புறம்தான் நகரும். நரம்பைச் சக்கரங்களின் அச்சு மட்டத்தில் கட்டுங்கள். பின்பக்கமும் ஒரு நரம்பு வேண்டும், நிறுத்துவதற்கு.

பட்டையின் நீளத்தைப் பாதியாக்கி, சக்கரங்களை 30 செ.மீ. தள்ளி வையுங்கள். சக்கரங்கள் நெருங்கி இருந்தால் சின்ன இழுப்புக்கே வண்டி மூக்கைக் குத்தும். அப்புறம், வெடுக்கென்று இழுக்காதீர்கள். முதல் ஒரு மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக விட்டு, எடிட்டிங்கில் வெட்டிவிடுங்கள்.

நிழல்வண்டி:
மூன்றையும் செய்து பார்த்தேன். நரம்பை மேலே மாற்றிய மாத்திரத்தில் முக்கால்வாசி ஆட்டம் போய்விட்டது, கயிறு அப்போது அதே பழைய நைலான்தான்! இப்போது பாலியஸ்டர், 35 செ.மீ. தொய்வு. நடுவில் இறங்குவது படத்தில் தெரிந்தாலும் உறுத்தவில்லை. மிச்சம் இருப்பது ஒரு பொடி அதிர்வு, படம் ஜெல்லி போல் நெளிகிறது.

திருப்புளி:
சக்கரத்தைக் கையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், போல்ட்டில் லொடலொடக்கிறதா? கதவுச் சக்கரங்களுக்கு அது வழக்கம். ஸ்கேட்போர்டில் வரும் 608 பேரிங் (உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22) உள்ளே உட்காரும் சக்கரமாகப் பாருங்கள். கேமராவுக்கும் பட்டைக்கும் நடுவே கெட்டியான ரப்பர் ஒரு துண்டு.

பழையலென்ஸ்:
முன்பு சொல்ல மறந்தது: கேமராவில் இருந்து கயிற்றுக்கு மேலாக ஒரு தனி வளையம் போட்டுவிடுங்கள். சக்கரம் தடம் புரண்டாலும் கேமரா தொங்கும், விழாது. கயிற்றுக்குக் கீழே யாரையும் நிறுத்தாதீர்கள்.

நிழல்வண்டி:
லொடலொடத்தது ஒரு சக்கரம் மட்டும்தான். இரண்டு வாஷர் போட்டதும் நெளிவு நின்றது, பேரிங் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. வளையமும் போட்டாயிற்று. கடைசி டேக்கில் பின்நரம்பைப் பிடிக்க மறந்து வண்டி நேராக மரத்தில் போய் இடித்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது முனைக்கு ஒரு மீட்டர் முன்னால் கயிற்றில் டென்னிஸ் பந்தைக் கோத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன்.