பல்சக்கரம் இல்லாத மலை ரயில் பாதைக்கு ஒரு சொல்

அன்பின் குழுவினருக்கு,

சுவிட்சர்லாந்தின் பெர்னினா ரயில் பற்றிய பள்ளிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1910-ல் முழுமையாகத் திறந்த பாதை, தொடக்கம் முதலே மின்சார வண்டி. 2,253 மீட்டர் உயரத்தில் லாகோ பியாங்கோ ஏரியை ஒட்டி ஓடி, திரானோவில் 429 மீட்டருக்கு இறங்குகிறது. சரிவு 1000-க்கு 70 வரை. ஆனாலும் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசையைக் கவ்வி ஏறும் பல்சக்கரம் கிடையாது, சாதாரணச் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும் பிடியால் மட்டுமே ஏறுகிறது. ஆங்கிலத்தில் adhesion railway எனப்படும் இவ்வகைப் பாதைக்குப் 'பற்றுத்தடம்' சரியா?

மறு:
மிகச் சரி. 'பற்றுக பற்றற்றான் பற்றினை' என்ற குறளின் சொல் அல்லவா! சோறு ஒட்டிய பற்றுப் பாத்திரம்தான் வழக்கில் பத்துப் பாத்திரம் ஆனது. நெற்றியில் போடும் பத்தும் அதுவே. கணக்கேட்டின் பற்றும் இதன் கிளைதான்.

மறு:
ஐயா, பல்+தடம் புணர்ந்தால் பற்றடம், கல்+தூண் கற்றூண் ஆவது போல. பல் உள்ளது பற்றடம், இல்லாதது பற்றுத்தடம் என்றால் மாணவர் எப்படிப் பிரித்தறிவார்?

மறு:
நீலகிரியில் இயற்பியல் நடத்துகிறேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் பல்சக்கரம். அதற்கு மேல் உதகை வரை இல்லை. 'பல்சக்கரப் பாதை' எங்கள் பிள்ளைகள் வாயில் புழங்கும் சொல். மற்றதற்கு 'உராய்வுப் பாதை' போதும். adhesion என்பதற்குப் பாடநூல் தரும் 'வேறினக் கவர்ச்சி' வேண்டாம், அது நீர் கண்ணாடியில் ஒட்டுவதற்கு.

மறு:
உராய்வு என்றதும் தேய்மானம்தான் மனதில் படியும். 'பிடிப்புப் பாதை' என்க.

மறு:
இடையே ஒன்று. லாகோ பியாங்கோ நீர் போ ஆற்றில் சேர்ந்து ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. பக்கத்திலேயே உள்ள லேய் நைர் ஏரி நீரோ இன், டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கு! வெள்ளேரி, கருவேரி என்றே பெயர்த்தால் என்ன? அந்த மேட்டை 'நீர்பிரி முகடு' எனலாமா?

மறு:
முகட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா. வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

மறு:
அனைவருக்கும் நன்றி. நீலகிரி ஆசிரியர் சொன்னபடி 'உராய்வுப் பாதை' என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் ஒரு வரி விளக்கமும் உண்டு. ஏரிப் பெயர்கள் மூலத்தில் உள்ளபடியே இருக்கும்.

மறு:
என் மறுப்பு பதிவாகட்டும், அம்மா. மழையில் இன்ஜின் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். எதற்கு என்று கேட்டால், 'பிடிப்பு கிடைக்க' என்றுதான் எவரும் சொல்வார். அடுத்த பதிப்பில் மாற்றக் கேட்பேன்.