உயரமா, கைத்திறனா: இளம் ஹொக்கிப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் இடங்களில் நாங்கள் கண்டவை

மார்க்கம் அண்ணை

ஜூன் கடைசியில் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதல்தர ஐஸ் ஹொக்கி லீக்) அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கும் ட்ராஃப்ட் வருகிறதோ இல்லையோ, எங்கள் ஆட்களுக்குள் பழைய சண்டை தொடங்கிவிடும். ஐந்தரை அடிப் பெடியனை முதல் சுற்றில் எடுக்கலாமா, ஆறடி மூன்று அங்குலத்துக்காரனை எடுத்து ஸ்கேட்டிங் பழக்கலாமா? தொலைக்காட்சியில் பார்த்ததை விட்டுவிட்டு நேரில் கண்டதை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

ஜூனியர் அணி ஒன்றுக்குச் சில பருவங்கள் பகுதி நேரமாக ஆட்டம் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்தேன். சம்பளம் என்று சொல்ல ஒன்றுமில்லை, பெற்றோல் காசும் கோப்பியும்தான். ஆட்டம் முடிந்து காருக்குள் ஏறமுதல் தலைமை ஸ்கவுட்டின் (திறமையுள்ள ஆட்டக்காரரைத் தேடிப் பார்க்கிறவரின்) போன் வரும். முதல் கேள்வி "எப்படி ஆடினான்?" என்று இருக்காது. "நேரில் பார்க்க எவ்வளவு உயரம்?" என்றுதான் இருக்கும்.

பதினைந்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டம் ஒன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பக்கம் மீசை அரும்பி, தாடியும் வழிக்கத் தொடங்கிய ஒரு விங்கர் (ஓரத்தில் ஆடுகிறவன்). பக், அதாவது ரப்பர் வட்டு, காலடிக்கு வந்ததும் தோளைக் குடுத்து, எதிரியை முதுகில் சுமந்துகொண்டு நேராகக் கோலியிடம் (கோல் காப்பவரிடம்) போவான். இரண்டு கோல். மற்றப் பக்கம் ஒரு சின்ன சென்டர் (நடுவில் ஆடுகிறவன்). அவனுடைய ஹெல்மெட் மற்றவர்களின் தோளுக்குத்தான் வரும். அவன் கோல் அடிக்கவில்லை. ஆனால் மூலைக்குப் பக் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும், தொடுவதற்கு முன்னமே இரண்டு தரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தான். பின்னால் வருகிறவன் எந்தக் கையால் தள்ளப் போகிறான் என்று தெரிந்துகொண்டு மற்றப் பக்கம் வெட்டினான். மூன்று தரம் அவனை இடிக்க வந்தவர்கள் ரிங்கை, அதாவது ஐஸ் ஆடுகளத்தை, சுற்றி நிற்கும் பலகையைத்தான் இடித்தார்கள்.

அன்று வந்திருந்த எல்லோருடைய தாளிலும் பெரியவனின் பெயர்தான் மேலே. பதினேழு வயதில் மற்றப் பிள்ளைகள் வளர்ந்து அவன் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். அவன் அதற்கு மேல் வளரவில்லை, தோள் ஒன்றைத் தவிர வேறு வித்தையும் படித்திருக்கவில்லை. இப்போது தீயணைப்புப் படையில் நல்ல வேலையில் இருக்கிறான். சின்னவன் பல்கலைக்கழக அணியில் ஆடினான். இருவரும் என்.எச்.எல். போகவில்லை. போகிறவர்கள் சொற்பம் என்பதையும் சேர்த்துத்தான் இதைக் கதைக்க வேண்டும்.

பெரிய மேடையிலும் இதே கதைதான். 2011 ட்ராஃப்டில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் தன்னிடம் இருந்த 30ஆம், 39ஆம் தெரிவு இடங்களை அனஹைமுக்குக் குடுத்து 22ஆம் இடத்துக்கு ஏறியது. எடுத்தது டைலர் பிக்ஸை: ஆறடி இரண்டு, கட்டுமஸ்தான உடம்பு. அவர் ஒரு என்.எச்.எல். ஆட்டம்கூட ஆடவில்லை. அனஹைம் அந்த இரண்டு இடங்களிலும் ரிக்கார்ட் ரக்கேலையும் கோலி ஜோன் கிப்சனையும் எடுத்தது. அதே ட்ராஃப்டில் 58ஆவதாகப் போனவர் நிகிட்டா குச்செரோவ், 104ஆவதாகப் போனவர் ஜொனி கோட்ரோ, இருவரும் பின்னாளில் நட்சத்திரங்கள். லீஃப்ஸ் ரசிகர்களிடம் இதை ஞாபகப்படுத்தினால் சாப்பாடு கிடைக்காது.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? என் எண்ணம், இதில் பாதி வேலைப் பயம். பெரிய உடம்புக்காரனை எடுத்து அவன் சறுக்கினால் "வளர்ச்சி நின்றுவிட்டது, என்ன செய்வது" என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். சின்னவனை எடுத்து அவன் சறுக்கினால் "உனக்குக் கண் தெரியாதா?" என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே அளவு பிழைதான், ஆனால் இரண்டாவதற்குத்தான் வேலை போகும்.

அயாக்ஸ் அம்மா

அண்ணா, உங்கள் சின்ன சென்டரைப் பற்றி வாசித்தபோது என் மகன்தான் நினைவுக்கு வந்தான். அவன் டிசம்பர் கடைசியில் பிறந்தவன். இங்கே வயதுப் பிரிவை ஜனவரி ஒன்றிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஆகவே ஜனவரியில் பிறந்த பிள்ளையோடு ஏறக்குறைய ஒரு வருடம் இளையவனாக இவன் மோத வேண்டும். எட்டு வயதில் ஒரு வருடம் என்றால் யோசித்துப் பாருங்கள். கனடாவில் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி 1980களிலேயே இதைக் கவனித்து எழுதினார்: மேல்மட்ட ஜூனியர் ஹொக்கியிலும் என்.எச்.எல்.லிலும் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறிக் கூடுதலாக இருந்தார்கள். இது எனக்குப் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரிய வந்தது, என்ன செய்ய!

அணிக்கு ஆள் தெரியும் ஒரு ட்ரைஅவுட்டில் கோச் என் முன்னாலேயே சொன்னார்: "கைகள் நன்றாக இருக்கின்றன. வளர்ந்ததும் கூட்டிக்கொண்டு வாருங்கள்." கடையில் உடுப்பு எடுக்க வந்த மாதிரி. அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மம்மா உளுத்தங்களியும் முட்டையும் குடுத்துப் பிள்ளையை வளர்க்கப் புறப்பட்டுவிட்டார். களி நல்லெண்ணெயோடு நன்றாகத்தான் இருந்தது, உயரம் வரவில்லை. பிறகு டாக்டரிடம் போனோம். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் வயது உண்மையான வயதைவிடப் பின்னால் இருக்கிறது என்றார். அப்படியென்றால் வளரும் காலம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனால் எத்தனை அங்குலம் என்று யாரும் எழுதிக் குடுக்க மாட்டார்கள்.

அந்தப் பருவம் அவனை ஒரு படி கீழே உள்ள அணியில் விட்டோம். உறவினர்கள் எல்லாம் "ஏன் இறக்குகிறீர்கள்?" என்றார்கள். ஆனால் மேல் அணியில் குறைந்த நேரமே ஆடும் நாலாவது வரிசையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவனுக்கு இங்கே பவர் பிளேயில் (எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரத்தில்) பக் கையில் நின்றது. தவறு விட இடம் கிடைத்தது. அவனுடைய விளையாட்டு மாறியது அங்கேதான். பெரிய அணியின் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தால் கைத்திறன் வளராது என்பது என் பக்கத்து அனுபவம். இன்னொருவருக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

எனக்கு ஒரு கேள்வி. ஸ்கவுட் ஒருவர் சின்னப் பிள்ளையிடம் உண்மையில் என்னத்தைப் பார்க்கிறார்?

மொன்றியல் தம்பி

அக்கா, எலும்பு வயது என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிறகு மொன்றியல் அணி எடுத்த டிஃபென்ஸ்காரர் லேன் ஹட்சன், ட்ராஃப்டுக்கு முன் அணிகளைச் சந்திக்கப் போனபோது, இன்னும் வளர இடமிருக்கிறது என்று டாக்டர் எழுதிய கடிதத்தையும் கொண்டுபோனவர்! டிஃபென்ஸ்காரன் ஒருவன் அவ்வளவு சின்னதாக இருந்தால் அணிகள் எப்படிப் பார்க்கும் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி.

2022 ட்ராஃப்ட் இங்கே பெல் சென்டர் அரங்கில்தான் நடந்தது. மேல் தட்டில் நானும் நண்பர்களும். ஷேன் ரைட் பெயரைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தோம். முதல் இடத்தில் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் பெயரைச் சொன்னதும் அரங்கம் முழுக்க ஒரு "ஓ..." எழுந்தது, பாதி ஆச்சரியம், பாதி முறுமுறுப்பு. ஆறடி மூன்று. "மறுபடியும் உடம்பைப் பார்த்து எடுத்துவிட்டார்கள்" என்று என் பக்கத்து ஆள் தொப்பியைக் கழற்றி மடியில் அடித்தார். மறுநாள் இரண்டாம் சுற்றில், 62ஆவது இடத்தில், அதே மொன்றியல் ஹட்சனை எடுத்தது. அப்போது அரங்கம் பாதி காலி.

ஹட்சன் 2025இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வாங்கினார். அந்தப் பருவம் 66 புள்ளிகள் (கோலும் அசிஸ்டும் சேர்த்து), அதில் 60 அசிஸ்ட், அதாவது மற்றவரின் கோலுக்கு உதவிய பாஸ். ஸ்லாஃப்கோவ்ஸ்கியும் வீண் போகவில்லை, முதல் வரிசையில் ஆடியிருக்கிறார். ஒரே ட்ராஃப்டில் ஒரே அணி பெரியவனையும் எடுத்தது, சின்னவனையும் எடுத்தது. நாங்கள்தான் கட்சி பிரிந்து அடிபடுகிறோம்.

ஹட்சனை நேரில் பார்த்தால் கால்களைத்தான் பார்க்க வேண்டும். எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக் கோட்டில் பக்கோடு நிற்பார், எதிரி கிட்ட வருவார். இவர் இரண்டு குதிகளையும் ஒன்றையொன்று பார்க்கத் திருப்பி, பக்கவாட்டில் வழுக்கிப் போவார். தோள் இடப்பக்கம் சொல்லும், இடுப்பு வலப்பக்கம் போகும். வந்தவருக்குக் காற்றுத்தான் மிஞ்சும்.

மொன்றியல் எடுத்த கோல் கோஃபீல்ட் என்பவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்க இளையோர் தேசிய அணிக்கு ஒரே பருவத்தில் 72 கோல் அடித்த பிள்ளை 2019இல் 15ஆவது இடம் வரை இறங்கி வந்தார். காரணம் உயரம்தான், வேறென்ன. 2021-22 பருவத்தில் முதல் 30 ஆட்டங்களில் அவருக்கு ஒரேயொரு கோல். பிப்ரவரியில் மார்ட்டின் செயின்ட் லூயி கோச்சாக வந்தார், மிச்சம் 37 ஆட்டங்களில் 22 கோல். செயின்ட் லூயியை எந்த அணியும் ட்ராஃப்டில் எடுத்ததே இல்லை. தானே ஐந்தடி எட்டு அங்குலம். சின்ன ஆட்டக்காரனுக்கு எந்த இடத்தில் மூச்சு முட்டும் என்று அவருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

கல்கரிப் பெரியவர்

நான் கொஞ்சம் மாறித்தான் சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம்.

எங்கள் ஊர் சின்ன ஆட்களுக்குப் பேர் போனது. தியோ ஃப்ளூரி, ஐந்தடி ஆறு அங்குலம், 1987இல் எட்டாம் சுற்றில் 166ஆவது இடம். ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் எடுத்தார், 1989இல் ஸ்டான்லி கப்பை (என்.எச்.எல். சாம்பியன் கோப்பையை) வென்ற அணியிலும் இருந்தார். செயின்ட் லூயியும் முதலில் எங்களிடம்தான் இருந்தார். 2000இல் விட்டுவிட்டோம், டாம்பா பே போனார். 2004இல் அவர் கப்பைத் தூக்கியபோது எதிர்ப் பக்கத்தில் தோற்று நின்றது கல்கரி! இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. அப்புறம் ஜொனி கோட்ரோ. பயிற்சி நாள் ஒன்றில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் மத்தியில் யாரோ ஒருவருடைய தம்பி இறங்கி நிற்கிற மாதிரித்தான் இருந்தார். ஆனால் அவரை அடிக்க வருகிறவனுக்கு அவர் இருந்த இடம்தான் கிடைக்கும். 2021-22இல் 115 புள்ளிகள். 2024 ஆகஸ்டில் அவரும் தம்பியும் விபத்தில் போனபோது கல்கரி அரங்கமான சாடில்டோம் வாசலில் பூ வைத்தவர்களில் நானும் ஒருவன்.

சரி, மாறிச் சொல்வது இதுதான். இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, உயரம் ஒரு பொருட்டே இல்லை" என்று சொல்ல முடியாது. ஃப்ளூரியைப் போல ஆடி, ஜூனியரோடு வீட்டுக்குப் போன எத்தனையோ சின்னப் பிள்ளைகளை நாங்கள் யாரும் பெயர் சொல்லி நினைப்பதில்லை. கைக்கு எட்டும் தூரமும் ஒரு திறன்தான். ஸ்டெனோ சாராவைப் பாருங்கள், ஆறடி ஒன்பது. அவருடைய ஸ்டிக் போகாத இடம் ரிங்கில் கொஞ்சம்தான். அவரும் 1996இல் 56ஆவது இடத்தில்தான் போனார். பெரியவர்களையும் சிலவேளை குறைத்து மதிக்கிறார்கள், "தடித்த கால், திரும்பமாட்டான்" என்று.

இன்னொன்று, காலமும் சட்டமும். 2004-05 பருவம் முழுக்க அணி முதலாளிமாரின் கதவடைப்பில் போனது. 2005இல் திரும்பி வந்தபோது ஸ்டிக்கால் கொளுவி இழுப்பதையும் பிடித்து நிறுத்துவதையும் நடுவர்கள் கடுமையாக விசில் அடிக்கத் தொடங்கினார்கள். இரண்டு கோடு தாண்டிய நீண்ட பாஸுக்கும் இடம் விட்டார்கள். சின்னவர்களுக்கு வழி திறந்தது அங்கேதான். ஆனால் கப்புக்கான பிளேஓஃப் (பருவக் கடைசி நொக்அவுட் சுற்றுகள்) வந்தால் விசில் சட்டைப் பைக்குள் போய்விடுகிறது. 2024, 2025 இரண்டு வருடமும் கப்பை எடுத்த ஃப்ளோரிடா எப்படி ஆடியது என்று பாருங்கள், மூலைக்கு மூலை இடிபாடு. அதைப் பார்த்த மேலாளர்கள் மறுபடியும் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். (அதே ஃப்ளோரிடாவுக்கு 2025இல் பெரிய கோல்கள் அடித்த பிராட் மார்ஷாண்ட் ஐந்தடி ஒன்பது என்று அவர்களிடம் யார் சொல்வது?)

மார்க்கம் அண்ணை

கல்கரி ஐயா சொன்னது சரி. அதைத்தான் நான் வேறு மாதிரிச் சொல்வேன்: சின்னவனும் பெரியவனும் ஒரே அளவு திறன் என்றால் நானும் பெரியவனைத்தான் எழுதுவேன். சின்னவன் சமமாக இருந்தால் போதாது, ஏதாவது ஒன்றில் அந்த ரிங்கிலேயே முதல் ஆளாக இருக்க வேண்டும். ஹட்சனுக்குக் கால், கோஃபீல்டுக்கு ஷொட், கோட்ரோவுக்கு ஏமாற்று. பெரியவனிடம் நான் கேட்பது, அந்த உடம்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்பது. 2003இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் 12ஆவது இடத்தில் ஹியூ ஜெஸிமனை எடுத்தது, ஆறடி ஆறு. அவருக்குக் கிடைத்தது மொத்தம் இரண்டே இரண்டு என்.எச்.எல். ஆட்டம், அதுவும் வேறு அணிக்கு. அவருக்குப் பிறகு அதே சுற்றில் போய்ப் பெரிய பெயர் எடுத்தவர்கள் ஸக் பரீஸே, ரயன் கெட்ஸ்லாஃப், கோரி பெரி. கெட்ஸ்லாஃபும் பெரியும் பெரிய ஆட்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

அயாக்ஸ் தங்கச்சி கேட்டதற்கு வருகிறேன். சின்னப் பிள்ளையிடம் நான் முதலில் பார்ப்பது, அவன் ரிங்கின் நடுவுக்குள் போகிறானா, ஓரத்திலேயே சுற்றுகிறானா என்பதை. ஓரத்தில் நின்று அழகாகப் பக் ஆட்டுகிற சின்னவர்கள் மேல் மட்டத்தில் காணாமல் போய்விடுவார்கள். அடுத்தது, அடி வாங்கியதற்குப் பிறகு வருகிற ஷிஃப்ட் (ஒரு தரம் ஐஸில் ஏறி ஆடிவிட்டு இறங்கும் நேரம்). அதே மூலைக்கு அதே வேகத்தில் திரும்பப் போகிறானா, அரை வினாடி தாமதிக்கிறானா? மூன்றாவது, பக் இல்லாதபோது தலை எங்கே திரும்புகிறது. பொடி செக், அதாவது உடம்பால் இடித்துப் பக்கைப் பறிப்பது, தொடங்குகிற வயதில் இந்த மூன்றும் பளிச்சென்று வெளியே வரும். 2013இல் ஹொக்கி கனடா பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிரிவில் பொடி செக்கை நிறுத்தியதால், அந்தப் பரீட்சை கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு அது நல்லது, கை பழக நேரம் கிடைக்கிறது.

முடிந்தால் அப்பாவின், மாமாமாரின் உயரத்தையும் கேட்டு வைப்போம். பெற்றோர் வரிசையில் நிற்கிற தகப்பனை ஸ்கவுட் ஏற இறங்கப் பார்த்தால் பயப்பட வேண்டாம், காரணம் அதுதான்.

வீடியோ அனுப்பும்போது கோல்களை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். ஏறியதிலிருந்து இறங்குகிற வரை நாலைந்து ஷிஃப்டை முழுசாக அனுப்புங்கள், அதில் ஒன்றாவது அவன் அடி வாங்கியதாக இருக்கட்டும். உயரத்தைச் சப்பாத்தில்லாமல் அளந்து எழுதுங்கள். ஸ்கேட்டோடு அளந்து இரண்டு அங்குலம் கூட்டிப் போடுகிற வழக்கம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் கண்டால் தாளில் இரண்டு அங்குலம் குறைத்துத்தான் எழுதுவோம், உண்மை எழுதியவனுக்கும் சேர்த்து.