லேத், கிரைண்டிங்: எந்த ஆர்டரை முதலில் ஏற்றுவது?

கணபதி பட்டறைக்காரர்:
பம்பு ஷாஃப்ட் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆர்டரும் முதலில் லேத், பிறகு கிரைண்டிங். மூன்று ஆர்டர்களுக்கான நேரம் (லேத்-கிரைண்டிங்) முறையே 6-2, 3-5, 4-4 மணி. வந்த வரிசையில் எடுத்தால் கிரைண்டிங் ஆள் முதல் 6 மணி நேரமும் சும்மா அமர்ந்திருக்கிறார். கணக்கில் இதற்கு வழியுண்டா?

பீளமேட்டு மாணவர்:
உண்டுங்க அண்ணா. இரண்டே எந்திரங்கள் என்றால், எஸ்.எம். ஜான்சன் 1954இல் வெளியிட்ட விதி போதும். இருப்பதிலேயே மிகச் சிறிய நேரம் லேத்தினுடையதானால் அந்த ஆர்டரை முன்னாலும், கிரைண்டிங்கினுடையதானால் கடைசியிலும் வைத்துவிட்டு, மிச்சமுள்ளவற்றுக்கும் அவ்வாறே செய்யுங்கள். உங்களுக்கு இரண்டு, மூன்று, ஒன்று என்று வரும்; வந்த வரிசையில் மொத்தம் 18 மணி நேரம் பிடிப்பது 15 ஆகும். லேத் மட்டுமே 13 மணி நேரம் ஓடி, கடைசி ஆர்டருக்குக் குறைந்தது 2 மணி நேர கிரைண்டிங்கும் வேண்டியிருப்பதால், 15க்குக் கீழே யாராலும் இறக்க முடியாது.

திருப்பூர் சாயப்பட்டறை மேலாளர்:
எங்களுக்கு இவ்விதி பொருந்தாது. கறுப்புக்குப் பின் வெளிர்மஞ்சள் போட்டால் எந்திரத்தை நன்கு கழுவியாக வேண்டும். மஞ்சளுக்குப் பின் கறுப்பென்றால் அவ்வளவு வேலையில்லை. மாற்றும் நேரம் வரிசையைச் சார்ந்திருப்பதால் இது, எல்லா ஊர்களையும் எந்த வரிசையில் சுற்றினால் பயணம் குறையும் என்று தேடும் 'ஊர் சுற்றும் விற்பனையாளர்' கணக்காகிவிடுகிறது.

கணபதி பட்டறைக்காரர்:
நன்றி. சாவிப்பள்ளம் வெட்டும் எந்திரம் மூன்றாவதாக வந்தால்?

பீளமேட்டு மாணவர்:
அங்கேதான் சிக்கல். மூன்று எந்திரங்களுக்கு எளிய பொதுவிதி கிடையாது. அது, விரைவான தீர்வுமுறை எதுவும் அறியப்படாத கடினமான வகையைச் (NP-hard) சேர்ந்தது என்று 1976இல் நிறுவிவிட்டார்கள். ஆனால் ஐந்தாறு ஆர்டர்தான் என்றால், சாத்தியமான எல்லா வரிசைகளையும் (ஆறு ஆர்டருக்கு 720) கணினியில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.